அந்தியில் வாசல் தேடி வரும் மாடுகள்!
ருமேனியாவின் புனெஷ்டி ஊராட்சியும் அதன் ஐந்து கிராமங்களும்

பொழுது சாயும் நேரம். கிராமத்துத் தெருவின் இரண்டு பக்கமும் பெரிய மரக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வாசலில் போட்டிருக்கும் மரப்பலகையில் பெரியவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஊர்க்கோடியில் முதலில் புழுதி தெரிகிறது. பின்னாலேயே கழுத்துமணிச் சத்தம் கேட்கிறது. மேய்ச்சல் முடிந்து ஊர் மாடுகள் மொத்தமாகத் திரும்பி வருகின்றன.

மேய்ப்பர் எந்த மாட்டையும் அதன் வீட்டுக்கு ஓட்டிவிடுவதில்லை. தன் வாசல் வந்ததும் ஒவ்வொரு மாடும் தானாகவே கூட்டத்தைவிட்டு விலகி, திறந்த கதவு வழியே தொழுவத்துக்குப் போய்விடுகிறது. கதவு திறக்கத் தாமதமானால், வாசலிலேயே நின்று குரல் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் தெரு காலி. அடுத்து, வீட்டுக்கு வீடு பால் கறக்கும் சத்தம்தான்.

இந்த ஊரின் பெயர் விஸ்க்ரி. ஐரோப்பாவின் தென்கிழக்கில் இருக்கும் ருமேனியா நாட்டில், திரான்சில்வேனியா என்ற மலைசூழ் பகுதியில் இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இங்குள்ள பழைய கோட்டைத் தேவாலயத்தைப் பார்க்க வருகிறார்கள். ஆனால், ஊர் உயிரோடு இருக்கிறதா என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்வது அந்தியில் வீடு திரும்பும் மாடுகளின் எண்ணிக்கைதான்.

ஐந்து ஊர், ஓர் ஊராட்சி

ருமேனியாவில் கிராமப்புற நிர்வாகத்தின் அடிப்படை அமைப்புக்கு ‘கொமூனா’ என்று பெயர். ஏறத்தாழ ஓர் ஊராட்சி போன்றது. சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு கொமூனா. மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வாக்களித்துத் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுக்க இப்படி 2,800-க்கும் அதிகமான கொமூனாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் பிரஷோவ் மாவட்டத்தில் உள்ள புனெஷ்டி. இதன் கீழ் புனெஷ்டி, விஸ்க்ரி, க்ரீட்ஸ், மெஷெண்டார்ஃப், ரொவாதேஷ் என ஐந்து கிராமங்கள். ஐந்தையும் சேர்த்தாலே மக்கள் தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

பிரஷோவ் நகரத்துக்கும் சிகிஷோவாரா நகரத்துக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலை புனெஷ்டி வழியாகப் போகிறது. அங்கிருந்து கிளைச்சாலையில் திரும்பி, குன்றுகளுக்கு நடுவே சுமார் 8 கிலோமீட்டர் போனால் விஸ்க்ரி. பல ஆண்டுகள் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலை அது. ‘சாலை மோசமாக இருந்ததால்தான் ஊர் பழைய மாதிரியே பிழைத்தது’ என்று சொல்கிறவர்களும் உண்டு. ‘சாலை மோசமாக இருந்ததால்தான் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள்’ என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஒவ்வோர் ஊருக்கும் ருமேனியப் பெயர் ஒன்று, ஜெர்மன் பெயர் ஒன்று, ஹங்கேரியப் பெயர் ஒன்று என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. விஸ்க்ரியின் ஜெர்மன் பெயருக்கு ‘வெள்ளைத் தேவாலயம்’ என்று பொருள். அந்த ஜெர்மன் பெயருக்குப் பின்னால், 850 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு விவசாயச் சமூகத்தின் கதை இருக்கிறது.

கோட்டைக்குள் தானியம், கோபுரத்தில் பன்றிக் கொழுப்பு

12-ம் நூற்றாண்டின் நடுவில், அன்று திரான்சில்வேனியாவை ஆண்ட ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேஸா, எல்லையைக் காக்கவும் காட்டைத் திருத்திப் பயிர் செய்யவும் மேற்கிலிருந்து குடியானவர்களை அழைத்து வந்தார். ரைன், மோசல் ஆற்றுப் பகுதிகளில் இருந்தும் லக்ஸம்பர்க் பக்கமிருந்தும் வந்த அவர்களுக்குச் ‘சாக்ஸன்கள்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1224-ம் ஆண்டு மன்னர் இரண்டாம் ஆண்ட்ராஷ் கொடுத்த சாசனம், அவர்களுக்குத் தங்கள் நீதிபதிகளையும் குருமார்களையும் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. நிலப்பிரபுவுக்கு அடிமைப்படாத விவசாயிகளாக அவர்கள் வாழ்ந்தார்கள்.

காவலுக்கு வந்தவர்களுக்கே காவல் தேவைப்பட்டது. 1241-ல் மங்கோலியப் படை அந்தப் பகுதியைச் சூறையாடியது. 15-ம் நூற்றாண்டிலிருந்து துருக்கியப் படைகள் அடிக்கடி வந்தன. கிராமத்துக்கென்று தனிக்கோட்டை கட்ட வசதியில்லாத விவசாயிகள், ஊருக்கு நடுவே இருந்த தேவாலயத்தைச் சுற்றியே மதில் எழுப்பி, கோபுரங்கள் கட்டினார்கள். எதிரி வந்தால் குடும்பத்தோடு உள்ளே போய்விடுவார்கள். தென் திரான்சில்வேனியாவில் இப்படிப்பட்ட 150-க்கும் அதிகமான கோட்டைத் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஏழு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. விஸ்க்ரி அதில் சேர்ந்தது 1999-ம் ஆண்டு.

மதிலுக்குள் ஒளிந்துகொண்டால் போதாது, சாப்பாடும் வேண்டும். அதனால், ஒவ்வொரு குடும்பமும் தன் தானியத்தில் ஒரு பங்கைக் கோட்டைக்குள் மரப்பெட்டிகளில் சேமித்து வைத்தது. விஸ்க்ரியின் கோட்டைக்குள் அந்தப் பழைய மரப்பெட்டிகளை இன்றும் பார்க்கலாம். கோபுரம் ஒன்றை உப்பிட்ட பன்றிக் கொழுப்பு தொங்கவிட ஒதுக்கியிருந்தார்கள். குளிர்ந்த காற்று உள்ளே வீசுவதால் அது கெடாது. சாக்ஸன் ஊர்களில் வாரத்துக்கு ஒரு முறை கோபுரத்தைத் திறப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டில் அந்த வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்ளும். வெட்டிய இடத்தில் முத்திரை குத்தப்படும். அடுத்த வாரம் முத்திரை அழிந்திருந்தால், வேறு யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். போர்கள் ஓய்ந்த பிறகும், 20-ம் நூற்றாண்டு வரை பல ஊர்களில் இந்த வழக்கம் தொடர்ந்தது.

பக்கத்து வீட்டார் சங்கம்

சாக்ஸன் ஊர்களின் இன்னொரு பலம், ‘பக்கத்து வீட்டார் சங்கம்’. ஒரு தெருவில் அடுத்தடுத்து இருக்கும் வீடுகள் சேர்ந்தது ஒரு சங்கம். அதற்கு ஒரு மூத்தவர் தலைவர். யாராவது வீடு கட்டினால் சங்கத்தார் அனைவரும் வேலைக்குப் போக வேண்டும். கிணறு தூர்வாருவது, தெருவைச் சுத்தம் செய்வது, தீயணைப்பது எல்லாமே சங்கத்தின் பொறுப்பு. சாவு விழுந்தால் குழி வெட்டுவதிலிருந்து பாடை தூக்குவது வரை சங்கத்தாரே செய்வார்கள். செய்தி சொல்வதற்கு ஒரு மரப்பலகை உண்டு. அது வீட்டுக்கு வீடு கைமாறிப் போகும். பலகையைத் தன் வீட்டில் நிறுத்தி வைத்தவருக்கு அபராதம். பக்கத்து வீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் சமாதானம் ஆன பிறகுதான் மற்ற காரியம் நடக்கும்.

வீடுகளின் அமைப்பும் விவசாயத்துக்கு ஏற்றதுதான். தெருவைப் பார்த்து வீட்டின் குறுகிய பக்கம் இருக்கும். அதை ஒட்டி வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய கதவு. உள்ளே நீண்ட முற்றம், ஒரு பக்கம் வீடு, தொழுவம், கோழிக்கூடு. முற்றத்தின் கடைசியில் குறுக்கே பெரிய களஞ்சியம். களஞ்சியத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டமும் பிளம், ஆப்பிள், பேரி மரங்களும். அதற்கும் பின்னால் வயல். எல்லா வீட்டுக் களஞ்சியங்களும் வரிசையாகச் சேர்ந்து, ஊருக்குப் பின்புறம் ஒரு சுவர் மாதிரியே நிற்கின்றன.

ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பயிர் செய்தார்கள். ஒன்றில் குளிர்காலத்துக்கு முன் விதைக்கும் கோதுமை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் ஓட்ஸ், பார்லி. மூன்றாவது பகுதி தரிசு. அதில் மாடு மேயும், சாணம் விழும். அடுத்த ஆண்டு பயிர் இடம் மாறும். ஒவ்வொரு பகுதியிலும் எல்லோருக்கும் நிலம் இருந்ததால், யாரும் தன் விருப்பத்துக்கு விதைக்க முடியாது. ஊர் முடிவு செய்த பயிரைத்தான் எல்லோரும் போட வேண்டும்.

நிலம் போனது, ஆட்களும் போனார்கள்

இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப்போரோடு குலைந்தது. 1945 ஜனவரியில், ருமேனியாவின் ஜெர்மன் மொழிக்காரர்களில் 17 முதல் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களையும், 18 முதல் 30 வயதுக்கு உட்பட்ட பெண்களையும் சோவியத் ஒன்றியத்துச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். 70,000 பேர் அளவுக்குப் போனார்கள். பல ஆயிரம் பேர் திரும்பவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஜெர்மன் மொழி விவசாயிகளின் நிலத்தைப் பறித்தது.

அடுத்த அடி எல்லா விவசாயிகளுக்கும் விழுந்தது. 1949 முதல் 1962 வரை கம்யூனிஸ்ட் அரசு நிலம், மாடு, குதிரை, கலப்பை எல்லாவற்றையும் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்தது. எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். வீட்டுத் தோட்டமும் சொற்ப கால்நடைகளும்தான் குடும்பத்துக்கு மிஞ்சின.

சாக்ஸன்களுக்கு ஊரில் பிடிப்பு விட்டுப்போனது. 1960-களின் இறுதியிலிருந்து 1989 வரை, தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனி அரசு ருமேனிய அரசுக்குப் பணம் கொடுத்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழிக்காரர்களை அழைத்துக்கொண்டது. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்தார். எல்லை திறந்தது. 1990-ம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஜெர்மனிக்குப் புறப்பட்டார்கள். எட்டு நூற்றாண்டுகள் இருந்த ஊரைச் சில மாதங்களில் பூட்டிவிட்டுப் போனார்கள். விஸ்க்ரியில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சாக்ஸன்கள் இருக்கிறார்கள்.

காலியான வீடுகளில் ருமேனியர்களும், ரோமா மக்களும் குடியேறினார்கள். ரோமாக்கள் இந்த ஊர்களில் முன்பே கொல்லர்களாக, செங்கல் அறுப்பவர்களாக, கூடை முடைபவர்களாக, வாத்தியக்காரர்களாக ஊர் ஓரத்தில் வாழ்ந்தவர்கள்தான். வீடு கிடைத்தது. ஆனால், கூட்டுப்பண்ணையும் கலைந்து, கூலி வேலையும் இல்லாமல் போயிருந்தது.

ஆட்கள் போனதைக் கட்டடங்களும் தாங்கவில்லை. ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஆளில்லாமல் பல கோட்டைகள் பலவீனமாகின. 2016 பிப்ரவரியில் ரொவாதேஷ் கோட்டைத் தேவாலயத்தின் கோபுரம் ஒன்று இடிந்து விழுந்தது.

துண்டு துண்டாகத் திரும்பிய நிலம்

1991-ல் வந்த சட்டம், பறிக்கப்பட்ட நிலத்தை விவசாயக் குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை. டிராக்டரைத் திருப்பக்கூட அகலமில்லாத நிலங்கள் உண்டு.

அதன் விளைவு இன்றும் கணக்கெடுப்பில் தெரிகிறது. 2020-ம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பில் ருமேனியாவில் சுமார் 29 லட்சம் பண்ணைகள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்தப் பண்ணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது. அவற்றில் பத்துக்கு ஒன்பது, 5 ஹெக்டேருக்கும் குறைவானவை. மறுபக்கம், டான்யூப் ஆற்றின் பெரிய பிரயிலா தீவில், 50,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாடு, ஒரே சட்டம்.

ருமேனியா 2007 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஹெக்டேர் கணக்கில் நேரடி மானியம் வரத் தொடங்கியது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது 1 ஹெக்டேர் நிலம் இருக்க வேண்டும்; ஒவ்வொரு துண்டும் குறைந்தது 0.3 ஹெக்டேராவது, அதாவது சுமார் முக்கால் ஏக்கராவது இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாடும் அரை ஹெக்டேரும் வைத்திருந்தவர் இந்தக் கணக்கில் விவசாயியே இல்லை. மானியம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர் வரிசையில் நிற்கவே முடியவில்லை.

பூத்து முடிந்த பிறகே புல் அறுப்பு

இந்தக் குன்றுகளில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாளையொட்டி மாடுகள் மேய்ச்சலுக்குப் புறப்பட்டால், பனி விழும்வரை மேயும். மீதி ஏறத்தாழ ஆறு மாதம் தொழுவத்திலேயே தீனி. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 12 கிலோ காய்ந்த புல் என்று வைத்தாலும், 180 நாளுக்கு 2 டன்னுக்கு மேல் வேண்டும். அதனால், கோடையின் முக்கிய வேலை புல் அறுத்துக் காயவைப்பது.

சரிவான நிலத்தில் இயந்திரம் ஏறாது. நீளப் பிடி அரிவாளை இரண்டு கையாலும் பிடித்து, நின்றபடியே வீசி அறுக்கிறார்கள். பனி ஈரம் காய்வதற்கு முன், விடியற்காலையில் அறுத்தால்தான் கத்தி நன்றாக இறங்கும். பிறகு புரட்டிப் போட்டுக் காயவைத்து, நடுவில் கம்பு நட்டு அதைச் சுற்றிப் போராக அடுக்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவருவது குதிரை வண்டி. குதிரையின் தலைக்கயிற்றில் சிவப்புக் குஞ்சம் தொங்கும். கண் திருஷ்டி படாமல் இருக்கத்தான் அது! தேசிய நெடுஞ்சாலைகளில் குதிரை வண்டிக்குத் தடை இருப்பதால், வண்டிகள் மண்பாதையிலேயே போகின்றன.

ரசாயன உரம் போடாமல், உழாமல், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அறுக்கும் இந்தப் புல்வெளிகளில் மணிலாப் பூ மாதிரி ஒரே பூ இருக்காது. க்ளோவர், சால்வியா, சைன்ஃபாயின் எனப் பயறு வகைச் செடிகளும் மூலிகைகளும் கலந்து முளைக்கின்றன. இதே திரான்சில்வேனியாவில், க்ளூஜ் நகரத்துக்கு அருகே ஒரு புல்வெளியில் 10 சதுர மீட்டர் பரப்பில் 98 வகைச் செடிகளை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். அந்த அளவு பரப்பில் உலகிலேயே அதிக எண்ணிக்கை என்று அதை அப்போது பதிவு செய்தார்கள்.

புனெஷ்டியைச் சுற்றியுள்ள பகுதியை ‘தர்னாவா மாரே’ என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஏற்றிருக்கிறது. 2007-க்குப் பிறகு வந்த திட்டத்தில், புல்வெளியை உழாமல், ரசாயன உரம் போடாமல், ஜூலை 1-க்கு முன்பு அறுக்காமல் இருந்தால் ஹெக்டேருக்குக் கூடுதல் தொகை கொடுத்தார்கள். செடிகள் விதை போட்டு முடிக்கவும், புல்லுக்குள் தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கவும் அந்த அவகாசம் தேவை. விவசாயிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. புல் முற்றினால் சத்து குறையும். ஜூன் மாதம் நல்ல வெயில் அடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு, ஜூலையில் மழையில் மாட்டிக்கொண்டால் போரே அழுகிவிடும். பூவுக்கும் மாட்டுக்கும் நடுவே கணக்குப் போட்டுத்தான் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

பால் நிலையம் திறந்திருந்தால்தான் மாடு

மாடு வளர்த்தால் மட்டும் போதாதே. பாலை யார் வாங்குவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, கறந்த பாலில் ஒரு மில்லிலிட்டருக்குக் கிருமிகளின் எண்ணிக்கை 1 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. மடிநோயைக் காட்டும் சோமாட்டிக் செல் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கையால் கறந்து, வாளியில் ஊற்றி, குளிரூட்டும் வசதி இல்லாமல் வைத்தால் இந்த அளவைப் பிடிப்பது கடினம். ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பல ஊர்களில் பால் வண்டி வருவது நின்றுபோனது. பால் வண்டி நின்ற ஊர்களில் மாடுகளை விற்றார்கள்.

இந்தப் பகுதியில் இயங்கும் ‘அடெப்ட்’ என்ற அறக்கட்டளை பூக்களைக் காப்பாற்றத்தான் வந்தது. மாடு இல்லாமல் புல்வெளி இருக்காது என்று அதற்கு விரைவிலேயே புரிந்தது. அதனால், விஸ்க்ரி உள்ளிட்ட ஊர்களின் பால் சேகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து, குளிரூட்டும் தொட்டியும் பரிசோதனைக் கருவியும் வைக்க உதவியது. மடியைக் கழுவுவது, முதல் பீச்சலைத் தனியாகக் கறந்து பார்ப்பது, பாலை உடனே குளிர்விப்பது என்ற எளிய பழக்கங்களே அளவைக் கீழே இறக்கின.

செம்மறியும் பாலாடைக்கட்டியும்

மாட்டுக்கு ஊர் மேய்ப்பர் என்றால், செம்மறிக்கு மலைமேய்ப்பர். கோடை முழுக்க ஆடுகள் ஊருக்கு வெளியே பட்டியிலேயே இருக்கும். பல வீட்டு ஆடுகள் ஒரே மந்தை. பங்கு பிரிப்பதற்குத் திரான்சில்வேனியாவின் பல ஊர்களில் ஒரு பழைய முறை இருக்கிறது. வசந்தத்தில் ஒரு நாள் எல்லோரும் கூடி, அவரவர் ஆடுகளைக் கறந்து பாலை அளப்பார்கள். அன்றைக்கு யார் ஆடு எவ்வளவு கறந்ததோ, அந்த விகிதத்தில் அந்தக் கோடை முழுக்கப் பாலாடைக்கட்டி கிடைக்கும். அளவு எல்லோர் கண்ணெதிரிலும் நடப்பதால் தகராறு குறைவு.

பட்டியைச் சுற்றிப் பெரிய நாய்கள் காவல் இருக்கும். காரணம், கரடி. ரஷ்யாவை விட்டுப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே அதிகப் பழுப்புக் கரடிகள் வாழும் நாடு ருமேனியா. மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது வயலுக்கும், பிளம் பழுக்கும்போது தோப்புக்கும் கரடி வந்துவிடுகிறது. 2016-ல் கரடி வேட்டைக்குத் தடை வந்தது. 2024-ல் 481 கரடிகள் வரை சுட அனுமதித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. காட்டைக் காக்க நினைப்பவர்களும், ஆட்டைப் பறிகொடுத்தவர்களும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

உர்தா செய்யும் முறை: கறந்த ஆட்டுப்பாலைக் கைபொறுக்கும் சூட்டில் வைத்து உறைபொருள் சேர்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் கட்டியாகிவிடும். அதை உடைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் கிடைப்பது ‘காஷ்’ என்ற இளம் பாலாடைக்கட்டி. வடிந்த நீரைக் கீழே கொட்டுவதில்லை. அந்த நீரை மெல்லிய தீயில், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிநிலைக்குச் சற்று முன்புவரை சூடாக்கினால், வெள்ளையாகத் திரண்டு மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் எடுத்துத் துணியில் வடித்தால் ‘உர்தா’. உப்பு போடாததால் இரண்டு, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் நீர், பன்றிக்கும் காவல் நாய்க்கும். காஷைச் சில நாள் புளிக்கவைத்து, உப்பு சேர்த்துப் பிசைந்து, ஆட்டுத்தோல் பையிலோ மரப்பட்டைக் குழலிலோ அடைத்தால் குளிர்காலம் வரை கெடாது.

பனி தேசத்தில் எருமை

பனி விழும் இந்த ஊரில் எருமையும் உண்டு என்றால் ஆச்சர்யமாக இருக்கும். இந்தியத் துணைக்கண்டத்தில் பழக்கப்பட்ட அதே ஆற்று எருமை இனம்தான், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்து, குளிருக்குப் பழகிவிட்டது. குளிர்காலத்தில் அடைத்த தொழுவத்தில் வைத்துக் காக்கிறார்கள். கோடையில் குட்டையில் இறக்கிவிடுகிறார்கள். பாலில் கொழுப்பு 7, 8 சதவிகிதம். காபிக்கு எருமைப்பால்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் திரான்சில்வேனியாவில் இன்னமும் இருக்கின்றன. பால் தவிர, வண்டி இழுக்கவும் எருமை பயன்பட்டது. டிராக்டர் வந்ததும், கூட்டுப்பண்ணை கலைந்ததும் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. இதே பிரஷோவ் மாவட்டத்தின் ஷெர்காயாவில் எருமைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இனத்தைக் காப்பாற்றும் வேலை அங்கு நடக்கிறது.

காலுறையும் இளவரசரும்

1990-களின் இறுதியில், விஸ்க்ரியில் குடியேறிய ஒரு ஜெர்மன் தம்பதி, வேலையில்லாமல் இருந்த பெண்களின் கைவேலையைக் கவனித்தார்கள். ஆட்டு ரோமத்தை நூலாக்கிக் காலுறை பின்னுவது இங்கு எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதை ஜெர்மனியில் விற்க ஏற்பாடு செய்தார்கள். ரோமா, ருமேனியக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குளிர்காலத்தில் கிடைத்த முதல் ரொக்க வருமானம் அதுதான். விலைபோகாமல் கிடந்த ரோமத்துக்கும் ஒரு விலை வந்தது.

அதே காலத்தில், இன்றைய பிரிட்டன் மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது 1998-ல் ருமேனியாவுக்கு முதன்முறையாக வந்தார். பிறகு, 2006-ல் விஸ்க்ரியில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். அவர் ஆதரித்த மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை, சாக்ஸன் வீடுகளைச் சுண்ணாம்புக் காரை, கைச்செங்கல், கையால் செய்த ஓடு ஆகியவற்றைக் கொண்டே பழுதுபார்த்தது. சிமென்ட் பூசினால் பழைய சுவர் ஈரம் விட முடியாமல் உதிர்ந்துவிடும் என்பதே காரணம். உள்ளூர் ஆட்களே கொத்தர், தச்சர், கொல்லர் வேலை கற்றுக்கொண்டார்கள். ஓடு சுடும் சூளை மறுபடி புகைந்தது.

விருந்தினர் வரத் தொடங்கினார்கள். வீடுகளில் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். விறகு அடுப்பில் சுட்ட பெரிய ரொட்டி, அதாவது கருகிய மேல்தோலைத் தட்டி உதிர்த்து எடுக்கும் உருளைக்கிழங்கு ரொட்டி, பிளம் ஜாம், எல்டர் பூ சர்பத், ஆட்டுப் பாலாடைக்கட்டி எல்லாம் வாசலிலேயே விற்றன. லிட்டர் கணக்கில் குறைந்த விலைக்குப் போன பால், தட்டில் வைத்தபோது பல மடங்கு மதிப்புப் பெற்றது.

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டு விலை ஏறிவிட்டது. நகரத்துக்காரர்கள் வாங்கிய வீடுகளில் கோடையில் மட்டும் விளக்கு எரிகிறது. அறை வாடகையே போதும் என்று ஆனவர்கள் மாட்டை விற்றுவிடுகிறார்கள். அறை வைக்க வசதி இல்லாதவர்களோ ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயினுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். மற்ற நான்கு ஊர்களுக்கு, விஸ்க்ரிக்கு வரும் விருந்தினர்களில் ஒரு பங்குதான் வருகிறது.

மேய்ப்பர் கூலியில் இருக்கிறது ஊரின் கணக்கு

இந்த ஊர்களின் எதிர்காலத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஊர் மேய்ப்பருக்குக் கூலி, மாட்டுக்கு இவ்வளவு என்று வீடுகள் பகிர்ந்து கொடுக்கின்றன. 100 மாடு இருந்தால் ஒரு வீட்டின் பங்கு சிறியது. மாடு 50 ஆனால், அதே கூலிக்குப் பங்கு இரண்டு மடங்கு. அது 20 ஆனால், ஐந்து மடங்கு. அந்த நிலையில் ஒற்றை மாடு வைத்திருக்கும் மூதாட்டிக்குக் கட்டுப்படியாகாது, அவரும் விற்பார். அடுத்த ஆண்டு மேய்ப்பரே வர மாட்டார். மந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒரே ஆண்டில் இல்லாமல் போகிறது.

மாடு போனால் பால் நிலையம் மூடப்படும். மேய்ச்சல் நிலத்தில் முள்ளும் புதரும் ஏறும். சில ஆண்டுகளில் பூக்கள் மறையும். புல் அறுக்கத் தேவையில்லாததால் களஞ்சியத்தின் ஓட்டை யாரும் மாற்ற மாட்டார்கள். அப்போது விருந்தினர் பார்க்க வருவதற்கும் கோட்டை மட்டும்தான் மிஞ்சும்.

இதைப் புரிந்துகொண்டதால்தான், விருந்தினர் விடுதி நடத்தும் சிலர், கட்டுப்படி ஆகாவிட்டாலும் ஒரு மாட்டையாவது ஊர் மந்தையில் விட்டு வைக்கிறார்கள். காலை உணவுக்குத் தேவையான பாலையும் பாலாடைக்கட்டியையும் பக்கத்து வீட்டிலேயே வாங்குகிறார்கள். பழைய ‘பக்கத்து வீட்டார் சங்கம்’ இன்று இல்லை. அதன் பலகையும் வீட்டுக்கு வீடு போவதில்லை. ஆனால், தன் மாடு நிலைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுத் தொழுவத்திலும் மாடு இருக்க வேண்டும் என்ற கணக்கு இன்னும் மாறவில்லை. அந்தியில் பலகையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், தங்கள் மாடு வந்த பிறகும் எழுந்து போவதில்லை. கடைசி மாடு போகும்வரை இருந்து, எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள்.